சத்தம் போடும் தண்ணி மோட்டார்: கெப்பாசிட்டரா, பேரிங்கா, இடமாற்றமா, புது மோட்டாரா?

மலைநாட்டில் பள்ளத்திலிருந்து மேட்டு வீட்டுக்குத் தண்ணி ஏற்றும் மோட்டார் சத்தம் போடத் தொடங்கிவிட்டால், ஹார்ட்வெயார் கடையில் முதலில் வரும் பதில், "புதுசு ஒண்டு போடுங்க". கடைக்காரருக்கு வியாபாரம். நாம் முதலில் என்ன சத்தம் என்று பார்ப்போம்.

ஓடும் மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். அணைத்த கணமே சத்தம் நின்றால் கோளாறு கரண்ட் பக்கம். சுழற்சி அடங்கும்வரை கூடவே இழுத்துக்கொண்டு வந்தால், சுழலும் தண்டைத் தாங்கும் வளையமான பேரிங் பக்கம். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே பலர் மோட்டார் திருத்தும் பாஸைக் கூப்பிடுகிறார்கள்.

சுவிட்சைப் போட்டதும் "ம்ம்ம்" என்று உறுமி, சுழலாமல் நிற்கிறதா? உடனே அணையுங்கள். அப்படியே விட்டால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான வைண்டிங் கருகி, சின்னச் செலவு பெருஞ்செலவாகும். மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பின்பக்கம் தெரியும் தண்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் நாள்கணக்காக ஓடாமல் கிடந்து, தண்ணியைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். திருப்பிவிட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும். லேசாகச் சுழன்றால் பெரும்பாலும் மோட்டாரைப் புறப்பட வைக்கும் மின்பாகமான கெப்பாசிட்டர்தான் கோளாறு. பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோபரட் அளவையே வாங்குங்கள். "கொஞ்சம் பெரிசாப் போட்டா பவர் கூடும்" என்பது வீண் பேச்சு, மோட்டார்தான் சூடேறும். கரண்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் நிற்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் கழற்றும் வேலையைப் பாஸிடம் விடுவதே நல்லது.

காலையில் ஒழுங்காக ஓடி, மாலை 6.30க்குப் பிறகு மட்டும் உறுமினால் கெப்பாசிட்டரில் குற்றமில்லை. ஊரே விளக்குப் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது. லக்ஷபான மின்நிலையம் பக்கத்து மலையிலேயே இருந்தாலும், லைனின் கடைசி வீட்டுக்கு 230 வோல்ட் வந்து சேர்வது வேறு கதை. 180 வோல்ட்டில் மோட்டாரின் சுழற்று விசை ஏறக்குறைய 60 சதவீதம்தான் இருக்கும். இதற்கு வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் புறப்படும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபிரிஜ்ஜுக்கென்று விற்கும் சின்னப் பெட்டி அதைத் தாங்காது. விடியக்காலை டாங்கியை நிரப்பிவிட்டு, மின்சார சபையின் 1987க்கு முறைப்பாடு சொல்லுங்கள்.

கிறீச்சிடலோ கரகரப்போ என்றால் பேரிங். பேரிங் மலிவு, கழற்றிப் பூட்டும் கூலிதான் கூட. ஆனால் தண்டு வழியாகத் தண்ணி கசியாமல் தடுக்கும் சீலையும் சேர்த்து மாற்றாவிட்டால் அத்தனையும் வீண். பேரிங்கைக் கெடுத்தது பெரும்பாலும் சீல் வழியாகக் கசிந்த தண்ணிதான், புதியதையும் அதுவே தின்றுவிடும்.

மேட்டு ஊர்களில் கவனிக்க வேண்டியது இன்னொரு சத்தம்: உள்ளே கூழாங்கல் உருளுவது மாதிரி. இதற்கு எதை மாற்றினாலும் பலனில்லை. மோட்டார் தண்ணியை உறிஞ்சுவதாக நாம் நினைக்கிறோம்; உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் குழாய்க்குள் தண்ணியைத் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அது அதிகபட்சம் 10.3 மீற்றர் ஏற்றும். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிவு, கணக்குப்படியே 8.2 மீற்றர் அளவுதான். குழாய் உராய்வையும் கழித்தால் 6 மீற்றரை நம்பலாம். தகட்டில் "8 மீற்றர்" என்று போட்டிருப்பது கொழும்புக்குச் சரி. அதை நம்பி மேலே வைத்தால் தண்ணிக்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகி, இம்பெல்லரில் மோதி உடையும். சத்தம் அதுதான், நாளடைவில் இம்பெல்லரும் அரித்துப்போகும்.

முதலில் கிணற்றுக் குழாயின் அடி வால்வில் இலை, சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மோட்டாரைக் கீழே, கிணற்றடிக்கோ பீலித்தண்ணி தேங்கும் தொட்டிக்கோ இறக்குங்கள். மேலே தள்ளுவதில் அது கெட்டிக்காரன். நீளமான தடித்த வயர், எர்த், டிரிப் சுவிட்ச், மழைக்கு ஒரு கூரை எல்லாம் வேண்டும், செலவுதான். என்றாலும் அந்தக் காசைப் புது மோட்டாருக்குக் கொடுத்து அதே மேட்டில் வைத்தால், அதே சத்தத்தைத்தான் திரும்ப வாங்குகிறோம்.

புதியது வாங்கத்தான் வேண்டும் என்பது வைண்டிங் கருகிய வாடை வரும்போது, அல்லது போட்டவுடன் டிரிப் விழுந்து, அளந்து பார்த்ததில் வைண்டிங்தான் பழுது என்று பாஸ் சொன்னால். அப்போதும் செம்புக் கம்பியா, அலுமினியமா என்று கேளுங்கள். மலிவானவற்றில் பல அலுமினியம். ஒரே குதிரைவலுவில் இரண்டைத் தூக்கிப் பார்த்தால் செம்பு பெரும்பாலும் கையில் கனமாகவே தெரியும்.