முழு உடல் மீட்பு ஹார்னஸ்: பொருத்துவதையும் பராமரிப்பதையும் முன்வைத்து ஒரு மதிப்பீடு

உயரத்திலும் ஆழமான தொட்டிகளிலும் சிக்கிக்கொண்டவர்களை மீட்பதற்கென உருவாக்கப்பட்ட முழு உடல் ஹார்னஸ் (தோள், மார்பு, இடுப்பு, தொடைகளைச் சுற்றி அணியும் வார்க்கட்டு) ஒன்றை எங்கள் குழு நெடுநாளாகப் பயிற்சியிலும் பணியிலும் பயன்படுத்தி வருகிறது. பாலியெஸ்டர் வார்கள், அலுமினியப் பக்கிள்கள், முதுகிலும் மார்பிலும் ஒவ்வோர் இணைப்பு வளையம், இடுப்பின் இருபுறமும் பக்க வளையங்கள், தோள்களின் மேல் இரண்டு மீட்புக் கண்ணிகள் என்பது இதன் அமைப்பு. இத்தகைய ஹார்னஸ்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எடையையும் மெத்தையின் மென்மையையும் பேசுகிறார்கள். அவையும் வேண்டியவைதாம். ஆயினும், கையுறை அணிந்த கைகளால் அரையிருட்டில் இதைச் சரியாக அணிய முடிகிறதா, பணி முடிந்தபின் இதன் ஒவ்வொரு தையலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே ஓர் உயிர்காப்புக் கருவியை எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன். முதல் கேள்வியில் இந்த ஹார்னஸ் நன்றாகவே தேறுகிறது, இரண்டாவதில் பாதியளவுதான்.

முதலில் இதன் சான்றுகளைப் பார்க்கலாம். மீட்பு ஹார்னஸுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 1497. விழும் உடலைத் தாங்கி நிறுத்தும் முழு உடல் ஹார்னஸுக்கான தரநிலை இ.என். 361. இவ்விரண்டும் ஒன்றல்ல. 1497 மட்டும் குறிக்கப்பட்ட ஹார்னஸ் ஒருவரைத் தூக்கவோ இறக்கவோ பயன்படுமேயன்றி, விழுவதைத் தடுத்து நிறுத்தும் வேலைக்கு அதை நம்பக் கூடாது. நான் மதிப்பிடும் ஹார்னஸ் இரண்டு சான்றுகளையும் பெற்றிருக்கிறது. முதுகு, மார்பு வளையங்களின் அருகில் ‘ஏ’ என்ற எழுத்தும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. விழும்போது தாங்கும் இணைப்புப் புள்ளி இதுவே என்பது அதன் பொருள். சில ஹார்னஸ்களில் ‘ஏ/2’ என்று இரண்டு இடங்களில் குறித்திருப்பார்கள். அவ்விரண்டையும் சேர்த்தே கொக்கியில் மாட்ட வேண்டும். இதிலுள்ள பக்க வளையங்களில் அந்த எழுத்து கிடையாது. அவை வேலை செய்யும் நிலையில் உடலை நிறுத்திக்கொள்வதற்கு மட்டுமே உரியவை.

அணியும் முறையில்தான் இந்த ஹார்னஸின் சிறப்பு தெரிகிறது. முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி ஓர் உதறு உதறினால், தோள் வார்களும் தொடை வார்களும் முறுக்கில்லாமல் தத்தம் இடத்தில் தொங்குகின்றன. மேல் வார்களுக்கு ஒரு நிறமும் தொடை வார்களுக்கு வேறொரு நிறமும் தந்திருப்பதால், அவசரத்தில் தோள் வாருக்குள் காலை நுழைக்கும் குழப்பம் நேர்வதில்லை. தோளில் ஏற்றியதும் தொடை வார்களைக் கவட்டின் கீழாக முன்னே கொண்டுவந்து பூட்டி, பிறகு மார்பு வாரையும் இடுப்பு வாரையும் பூட்டி, நேராக நிமிர்ந்து நின்றபின் எல்லாவற்றையும் ஒரே சீராக இறுக்க வேண்டும். குனிந்த நிலையில் இறுக்கினால், நிமிர்ந்ததும் தோள் வார்கள் கழுத்தை அழுத்தும்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தொடைக்கும் வாருக்கும் இடையில் விரித்த உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. முதுகு வளையம் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். அது கீழே இறங்கிவிட்டால், விழுந்து தொங்கும்போது உடல் முன்பக்கம் கவிழ்ந்துவிடும். மார்பு வார் மார்பெலும்பின் நடுவில் இருக்க வேண்டும்; மேலே ஏறியிருந்தால் தொங்கும்போது தொண்டையில் வந்து நிற்கும், தளர்ந்திருந்தால் தோள் வார்கள் விலகி உடலே நழுவும் வாய்ப்புண்டு. இந்த ஹார்னஸில் மார்பு வாரைத் தோள் வாரின் மீது மேலும் கீழும் நகர்த்திப் பொருத்தலாம் என்பதால், உயரமானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் சரியான இடம் அமைகிறது. அளவு பொருந்தியதா என்பதைச் சரிசெய்யும் பக்கிளே சொல்லிவிடும். வாரைக் கடைசிவரை இழுத்தும் தளர்வாக இருந்தாலோ, இறுக்கியபின் பக்கிளுக்கு வெளியே கையளவு வார்கூட மிஞ்சாவிட்டாலோ அது உங்கள் அளவு அன்று. மிஞ்சும் நுனியைப் பிடிவளையத்துக்குள் செருகிவிட வேண்டும். இதிலுள்ள பிடிவளையங்கள் கெட்டியான இழுபட்டையால் ஆனவை. நாள் முழுவதும் ஏறி இறங்கினாலும் நுனி வெளியே தொங்குவதில்லை.

பக்கிள்கள் சொருகிப் பூட்டும் வகை. பூட்டும்போது ‘டக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கிறது. அந்த ஒலியோடு நிறுத்திக்கொள்ளாமல் வாரைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பார்ப்பதும், பிறகு இன்னொருவர் வந்து எல்லாப் பூட்டுகளையும் தொட்டுச் சரிபார்ப்பதும் எங்கள் குழுவின் வழக்கம். புதிய ஹார்னஸை முதன்முதலில் பணிக்கு எடுத்துச்செல்லும் முன், தரையிலிருந்து சற்றே கால் எழும்பும் உயரத்தில், அருகில் துணையோடு, சில நிமிடங்கள் தொங்கிப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத குறைகள் அப்போதுதான் தெரியும். அசைவின்றித் தொங்கும் ஒருவரின் கால்களில் இரத்தம் தேங்கி, அது இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும்; ஆகவே தொடை வார் சுமையை எப்படிப் பகிர்கிறது என்பது சொகுசு பற்றிய கேள்வி அன்று. இந்த ஹார்னஸின் தொடைப் பட்டைகள் அகலமானவை. இருக்கைப் பகுதியைத் தாங்கும் வாரும் சரியான இடத்தில் தைக்கப்பட்டிருப்பதால், தொங்கும்போது உடல் ஓரளவு அமர்ந்த நிலைக்கு வருகிறது.

தோள்மேல் உள்ள மீட்புக் கண்ணிகளைத் தனியே பாராட்ட வேண்டும். குறுகிய வாய் கொண்ட தொட்டியிலிருந்து மயங்கிய ஒருவரை வெளியே எடுக்கும்போது முதுகு வளையத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் உடல் சாய்ந்து வாயின் விளிம்பில் இடிக்கும். இரண்டு கண்ணிகளையும் குறுக்குச் சட்டத்தில் மாட்டித் தூக்கினால் உடல் செங்குத்தாக ஏறுகிறது, தலையும் சட்டத்துக்குக் கீழே நேராக நிற்கிறது.

இனி குறைக்கு வருகிறேன். தோள் மெத்தையை உற்பத்தியாளர் வாரோடு சேர்த்தே தைத்துவிட்டார். மெத்தையைக் கழற்ற முடியாததால், அதன் அடியில் செல்லும் வாரின் ஒரு பக்கம் கண்ணுக்கே எட்டுவதில்லை. வியர்வையும் மணலும் போய்த் தங்கும் இடம் அதுதான். பிற இடங்களில் சோதனை எளிது: வாரை இரு கைகளாலும் பிடித்து, கவிழ்த்த ‘ப’ வடிவில் வளைத்தபடியே நகர்த்தினால், அறுந்த இழைகள் வெளியே நிமிர்ந்து நிற்கும். பளபளத்துக் கெட்டிப்பட்ட தடம் இருந்தால் உராய்வின் வெப்பத்தில் இழை உருகியிருக்கிறது என்று பொருள். பாலியெஸ்டர் ஏறத்தாழ 255 பாகை செல்சியஸில் உருகிவிடும். வார் கறுப்பு, தையல் நூல் மஞ்சள் என்பதால் ஒரு தையல் விட்டுப்போனாலும் உடனே தெரிகிறது. முதுகு வளையத்துக்குக் கீழே மடித்துத் தைத்த விழுகுறி ஒன்றும் இருக்கிறது. அந்த மடிப்பு பிரிந்திருந்தால் ஹார்னஸ் ஒரு வீழ்ச்சியைத் தாங்கிவிட்டது என்று அறிந்து உடனே ஒதுக்கிவிடலாம். இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் தோள்பகுதியை மூடி மறைத்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பராமரிப்பு எளிதுதான், ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டியது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துக் கையால் அலசி, சோப்பு முழுவதும் போகும்வரை நல்ல நீரில் மீண்டும் அலசி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். பிளீச்சும் கரைப்பான்களும் ஆகவே ஆகா. நைலானுக்கு அமிலம் பகை. பாலியெஸ்டருக்கு வீரியமான காரம் பகை. ஆகவே அமிலமோ காரமோ கசியக்கூடிய பேட்டரி இருக்கும் வண்டிப் பெட்டியில் எந்த ஹார்னஸையும் போட்டு வைப்பது ஆபத்து. உரிமையாளர் பெயரை மார்க்கர் பேனாவால் வாரில் எழுதுவதும் வேண்டாம். மையிலுள்ள கரைப்பான் இழையைப் பாதிக்கக்கூடும். வாரோடு தைத்த தோள் மெத்தை மற்ற வார்களைவிட மிக மெதுவாகவே உலர்கிறது. ஈரத்தோடு பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்தபின் வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். புற ஊதாக் கதிர் இழைகளின் வலிமையைச் சிறிது சிறிதாகக் குறைக்கும்.

ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் முன்பு அணிபவரே சோதிப்பது ஒருபுறமிருக்க, பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது இத்தகைய கருவிகளின் பராமரிப்பையும் சோதனையையும் பற்றிய ஐரோப்பியத் தரநிலை இ.என். 365. தொடர் எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள சீட்டு படிக்க முடியாமல் அழிந்துபோனால் அந்தப் பதிவேட்டுக்கும் பொருளில்லை. இதில் சீட்டு ஒரு துணிமூடிக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. விலக்கப்பட்ட ஹார்னஸைக் குப்பையில் அப்படியே போடாமல், வேறொருவர் எடுத்து அணிந்துவிடாதபடி வார்களை வெட்டிவிட வேண்டும்.

தொட்டி மீட்பு, கோபுர மீட்பு ஆகிய பணிகளுக்கு இந்த ஹார்னஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேற்றிலும் மணலிலும் அன்றாடம் புரளும் குழுக்கள் கழற்றக்கூடிய தோள் மெத்தை உள்ள மாதிரியைத் தேடுவது நல்லது. வெல்டிங் பொறியும் தீயும் சூழ்ந்த இடங்களுக்கு இது ஏற்றதன்று. அங்கே வெப்பத்தைத் தாங்கும் அராமிட் என்ற செயற்கை இழையாலான ஹார்னஸே தேவை.