வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப்: என் மூட்டுவாத அனுபவம்

ஆறு வருடமாக எனக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஆர்பி, இஎஸ்ஆர் பார்த்தாக வேண்டும்; உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் இவை, எண் குறைந்தால் நல்லது. காலையில் விரல் மடக்கவே அரை மணி நேரமாகும், இதில் லேப் வாசலில் டோக்கன் எடுத்து எங்கே நிற்பது? அதனால் எங்கள் தெருமுனை லேபில் வீட்டுச் சேவைக்குச் சொல்லிவிடுவேன்.

வரும் தம்பியின் கை தங்கம். என் நரம்பு பிடிபடாது. வெந்நீர்த் துண்டை ஒற்றிவிட்டு ஒரே குத்தில் எடுத்துவிடுவார். சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டுக்கும் வெறும் வயிறு வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். அதுவரை காபிகூடக் குடிக்காமல் காத்திருப்பேன்!

குறை ரிப்போர்ட்டில். போன தடவை சிஆர்பி லிட்டருக்கு 18 மில்லிகிராம். இந்தத் தடவை 1.6 என்று வந்ததும் பாயசம் வைக்காத குறைதான். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்: "அம்மா, இது டெசிலிட்டர் கணக்கு." டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒன்று. அதாவது லிட்டர் கணக்கில் 16. அளவை மாற்றினால் ஒரு வரி பெரிதாகப் போடக்கூடாதா?

அப்புறம், ஒவ்வொரு தடவையும் 'ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்' எடுக்கச் சொல்கிறார்கள். அதில் வரும் ஆன்ட்டி சிசிபி, இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவும் ரத்தப் பரிசோதனை; எனக்கு அது ஏற்கெனவே பாசிட்டிவ். நோய் ஏறி இறங்குவதை அது காட்டாது. டாக்டர் எழுதியதை மட்டும் எடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ரத்தம் எடுப்பதற்கு ஐந்து நட்சத்திரம், ரிப்போர்ட்டுக்கு இரண்டு.