பழைய இங்கிலாந்து கோடாலின்னு சொல்லி விக்கிறாங்க, சல்லி போடுறதுக்கு முன்னாடி இத வாசிங்க

மலையகத்துல பழைய தோட்டத்து சாமான் சேக்குறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா வாசிங்க. ஹட்டன் பக்கம் இருந்து ஒரு ஆள் பேஸ்புக்ல பழைய கோடாலி, கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி எல்லாம் போட்டு விக்கிறாரு. பேர் போடல, ஏன்னா அவரு பேர மாத்தி மாத்தி வேற வேற பேஜ்ல வர்றாரு, அதனால பேர விட அவரு செய்யிற வேலையத் தெரிஞ்சிக்கிறதுதான் உங்களுக்கு உதவும்.

எனக்கு அவரு வித்தது காம்பு இல்லாத ஒரு கோடாலி. "எல்வெல் கம்பெனி, கென்ட் பேட்டன், நாலரை பவுண்ட், காப்பி காலத்துல காடு வெட்டுனது, பழைய துரை பங்களா ஸ்டோர்ல இருந்து எடுத்தது"ன்னு எழுதியிருந்தாரு. காப்பி காலம்னா மலையில தேயிலைக்கு முன்னாடி காப்பி போட்ட காலம். வெல 22,000 ரூபா. எல்வெல்னா இங்கிலாந்துல வெட்னஸ்பரியில இருந்த கம்பெனி, கோடாலி சேக்குறவங்களுக்கு பிரேட்ஸ், கில்பின், எல்வெல் இதெல்லாம் பெரிய பேரு. நம்ம தோட்டங்கள்ல முதலை மார்க் கத்தி, மம்பட்டி ஈஸியா கெடைக்கும், ஆனா முத்திரை அழியாத எல்வெல் கோடாலி ரொம்ப அபூர்வம். நான் போட்டோ இன்னும் கேட்டேன், ஒரே பக்கத்தத்தான் திருப்பித் திருப்பி அனுப்புனாரு. எடை போட்டு சொல்லுங்க அண்ணேன்னேன், "முத்திரையிலயே நாலரைன்னு இருக்கே தம்பி, அதுக்கு மேல என்ன எடை, பண்டாரவளையில இன்னொருத்தர் வெயிட்டிங்ல இருக்காரு"ன்னாரு. முழு சல்லியும் பேங்க்ல விழுந்த பொறகுதான் பஸ்ல போட்டு விட்டாரு.

பார்சல பிரிச்சதும் பெயின்ட் வாசம் அடிச்சுச்சு. கறுப்பு எனாமல், அதுக்கு மேல துரு கலர்ல ஏதோ தேச்சு பழசு காட்டியிருக்காங்க.

மொதல்ல பேட்டன், அதாவது கோடாலித் தலையோட வடிவம். கென்ட் பேட்டன்னா வாய் ரெண்டு பக்கமும் சமமா விசிறி மாதிரி விரிஞ்சு போகும், காம்பு போடுற ஓட்டைக்கு பக்கத்துல இரும்பு கூரா காது வச்சு இறங்கி நிக்கும், அந்தக் காதுதான் காம்ப ஆடாம புடிக்கிறது. எனக்கு வந்ததுல காதே இல்ல, அறுத்த அடையாளம் கூட இல்ல, அப்படியே மொழுமொழுன்னு இருந்துச்சு. இந்த ஆள் அமெரிக்கன் பேட்டன் பேரும் இஷ்டத்துக்கு போடுறாரு, கவனிங்க. மிச்சிகன்னா பின்மண்டையோட, அதாவது வாய்க்கு எதிர்ப் பக்கத்தோட, மூலை ரெண்டும் உருண்டு இருக்கும், டேட்டன்னா பின்மண்டை மட்டமா மூலையோட இருக்கும், ஜெர்ஸின்னா அதுக்கும் காது உண்டு. அவரு பேஜ்ல மட்ட மண்டையும் மிச்சிகன், உருண்ட மண்டையும் மிச்சிகன். பேட்டன் தெரியாம ஒருத்தர் விக்கிறது குத்தமில்ல, ஆனா அந்தப் பேரச் சொல்லித்தான் வெலய மூணு மடங்கு ஏத்துறாரு.

அடுத்தது எடை. இத எல்லாரும் கட்டாயம் மனசுல வைங்க, பைசா செலவு இல்லாத சோதனை இதுதான். பழைய கோடாலியில 3½, 4½ன்னு அடிச்சிருந்தா பெரும்பாலும் பவுண்ட் கணக்கு. ஒரு பவுண்ட் 453 கிராமும் கொஞ்சமும், அப்ப நாலரை பவுண்ட்னா 2 கிலோவும் 40 கிராமும் வரணும். பலசரக்குக் கடை டிஜிட்டல் தராசுல வச்சேன், 1 கிலோ 460. பழசுதானே தீட்டித் தீட்டி தேஞ்சிருக்கும்னு நீங்க கேக்கலாம், சரிதான், தேயும், ஆனா அப்படி தேஞ்சா வாய் குட்டையாகணும், முனை மழுங்கி உருண்டு போகணும், அரைக் கிலோவுக்கு மேல இரும்பு போயிருந்தா அந்தக் கோடாலி பாக்கவே பாதியா இருக்கும். இதுல வாய் முழுசா நீளமா இருக்கு, எடை மட்டும் இல்ல. அப்ப அது நாலரை பவுண்டா பொறந்ததே இல்ல.

முத்திரைதான் எனக்கு ரொம்ப வேதனையா போச்சு. எங்க ஊர்ல வயசான பட்டறை ஐயா ஒருத்தர் இருக்காரு, தோட்டத்து பட்டறையில காலமெல்லாம் வேல செஞ்சவரு, அவர்கிட்ட கொண்டு போனேன். பெயின்ட மெதுவா சொரண்டிட்டு வெயில்ல சாய்ச்சு வச்சு "இங்க பாரு தம்பி"ன்னு காட்டுனாரு. இரும்புல துரு தின்ன குழி குழியா இருக்கு, அந்தக் குழிக்கு மேலயே எழுத்து வெட்டிக்கிட்டு போகுது, குழிக்குள்ளயும் எழுத்தோட ஓரம் கூர்மையா நிக்குது. கம்பெனியில அடிச்ச எழுத்துன்னா துரு வர்றதுக்கு முன்னாடி அடிச்சது, துரு இரும்ப திங்கும்போது எழுத்தையும் சேத்துத்தான் தின்னிருக்கணும். எழுத்த சுத்தி விரலால தடவிப் பாத்தேன், ஒதுங்குன இரும்பு சின்னதா மேடு கட்டி கையில தட்டுது. அதோட கம்பெனி பேர முழுசா ஒரே அச்சுல அடிப்பாங்க, எழுத்தெல்லாம் ஒரே கோட்டுல ஒரே ஆழத்துல இருக்கும். இதுல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி பஞ்ச்ல அடிச்சது, ஒண்ணு சரிஞ்சிருக்கு, ஒண்ணு ஆழமா எறங்கியிருக்கு.

அதுக்குக் கீழ "மேட் இன் இங்கிலாந்து"ன்னும் அடிச்சிருக்காரு. விளம்பரத்துல காப்பி காலம்னாரு இல்லையா? காப்பிய அழிச்ச இலை நோய் இங்க வந்தது 1869ல. பிரிட்டன்ல சரக்கு முத்திரைச் சட்டம் வந்ததே 1887ல, நாட்டுப் பேர அடிக்கிறது பரவலானது அதுக்குப் பொறகுதான். காப்பிக்கு காடு வெட்டுன கோடாலியில அந்த வார்த்தை எப்படி வரும்?

ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தா இன்னும் மோசம். ஒரு பக்கம் வெடிப்பு, அதுக்கு மேல ஆர்க் வெல்டிங், அதையும் மறைக்க கார் டிங்கரிங்ல போடுற புட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்கு. பொய் முத்திரைய விட இது எனக்கு பெரிய கோவம், ஏன்னா இத வாங்குற யாராவது ஒருத்தர் காம்பு போட்டு டர்பன்டைன் மரத்துல ஓங்கி ஒரு வெட்டு வெட்டுனா அந்த எடம் விட்டு தலை பறக்கும், பக்கத்துல நிக்கிறது ஒரு புள்ளயா கூட இருக்கலாம். வாயும் போச்சு, கிரைண்டர்ல அழுத்தி தீட்டுனதுல நீல நிறம் ஏறியிருக்கு, அந்த சூடு பட்டா வாயோட பதம் எறங்கிரும். பட்டறை ஐயா அரம் போட்டு இழுத்தாரு, வெண்ணெயா கடிக்குது. நல்ல கோடாலி வாயில அரம் லேசா கடிச்சு வழுக்கணும்.

நிஜமான பழசு எப்படி இருக்கும்னு ஐயாவே தன்னோட ஒண்ண எடுத்து காட்டுனாரு. உடம்பு மிருதுவான இரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு வச்சு உலையில ஒட்டுனது. வெனிகர்ல நனைச்ச துணிய சுத்தி ராத்திரி வச்சிட்டு காலையில தொடச்சா, உருக்கு ஒரு நிறமும் இரும்பு ஒரு நிறமுமா ஒட்டுன கோடு தெளிவா தெரியும். எல்லா பழசுலயும் அந்தக் கோடு வராது, பின்னாடி வந்தது முழு உருக்குல செஞ்சது, அதனால கோடு இல்லங்கிறதுக்காக மட்டும் பொய்னு முடிவு பண்ணிராதீங்க.

அவருக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். மொதல்ல "பழசுன்னா அப்படித்தான் தம்பி இருக்கும்"னாரு, வெல்டிங் போட்டோவ அனுப்புனதும் "நான் பழைய இரும்புன்னுதான் வித்தேன், பழைய இரும்புக்கு ரிட்டர்ன் கெடையாது"ன்னு சொல்லி கட் பண்ணி பிளாக் பண்ணிட்டாரு. பில்லு கேட்டப்பவே தரல, இப்பதான் ஏன்னு புரியுது. கடை வச்சு பில்லோட விக்கிறவங்க இப்படி செஞ்சா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ங்கிற நம்பருக்கு கூப்பிட்டு சொல்லலாம், இந்த மாதிரி ஆளுங்க அதுல மாட்டாம இருக்கத்தான் துண்டு கடுதாசி கூட குடுக்குறதில்ல. போலீஸ்ல என்ட்ரி போட்டு வச்சிருக்கேன், சாட் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, அவர்கிட்ட ஏமாந்தவங்க வேற யாராவது இருந்தா சேந்து போகலாம், மெசேஜ் போடுங்க.

இது சல்லி விஷயம் மட்டும் இல்லைங்க. இந்த மலை பூரா கோடாலியாலதான் தொறந்தது. மலைச்சரிவுல கீழ இருந்து மரங்கள பாதி பாதியா வெட்டிக்கிட்டே மேல போயி, உச்சியில இருக்குற பெரிய மரத்த முழுசா வெட்டி விட்டா அது சரிஞ்சு கீழ இருக்குற எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு விழும், அப்படித்தான் காட்ட அழிச்சாங்க. அந்த வேலைய கான்ட்ராக்ட்ல பக்கத்து சிங்கள கிராமத்து ஆளுங்களும் செஞ்சாங்க, தோட்டத்து ஆளுங்களும் செஞ்சாங்க, யார் பேரும் எங்கயும் எழுதி வைக்கல, கையில புடிச்ச இரும்புல மிஞ்சுனது கொஞ்சந்தான் இருக்கு. அதுலயும் பொய் முத்திரைய குத்தி, பொய் கதைய ஒட்டி வித்தா நாளைக்கு எது நெசம்னு நம்ம புள்ளைங்களுக்கு எப்படி காட்டுறது? முத்திரையே இல்லாத, நம்ம ஆசாரி அடிச்ச கோடாலி ஒண்ணு கெடச்சா அத அப்படியே சொல்லி வித்திருந்தா நான் சந்தோஷமா வாங்கியிருப்பேன்.

இப்ப அதே ஆள் வேற பேஜ்ல பிரிட்டிஷ் அரசாங்க சாமான்ல இருக்குற அம்புக்குறி அடிச்ச "பட்டாளத்து கோடாலி"ன்னு ஒண்ணு போட்டிருக்காரு, போட்டோவுக்கு பின்னாடி இருக்குற அதே பச்சை தகரக் கதவ பாத்துதான் கண்டுபுடிச்சேன். வெலிமடையில ஒருத்தர் அதுக்கு அட்வான்ஸ் போடப் போறேன்னு என்கிட்ட சொன்னாரு. தராசுல வச்சு ஒரு போட்டோ, ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு ஒரு போட்டோ, முத்திரைய கிட்டத்துல ஒரு போட்டோ, இந்த மூணையும் மொதல்ல கேளுங்கன்னு சொன்னேன். அவரு கேட்டாரு. மெசேஜ பாத்துட்டு அந்த ஆள் இன்னைக்கு வரைக்கும் பதில் போடல.