“.30-06 மவுசர்” என்று விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் குழல் வாயைச் சோதியுங்கள்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பழைய மவுசர் 98 ரைஃபிள் வாங்கி ஏமாந்திருக்கிறார். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரித் துப்பாக்கி ஓசூரிலோ தர்மபுரியிலோ இன்னொருவர் கைக்கும் வரலாம் என்பதால் எழுதுகிறோம்.

ராணுவத்துக்காகச் செய்த ரைஃபிள் அது. பிறந்தபோது சுட்டது 7.92 மி.மீ. தோட்டா. .30-06 என்பது வேறு வகைத் தோட்டா. விற்றவர் சொன்னது இதுதான்: “பேரல் மாத்தியாச்சுங்க. இப்ப .30-06, தோட்டாவுக்குக் கவலையே இல்ல.” குழலில் அதே முத்திரை, லைசென்ஸிலும் அதே போர் (குழல் அளவு). தோட்டா உள்ளே போனது, போல்ட் (குழலைப் பின்னாலிருந்து பூட்டும் உருளை) மூடியது, வெடிக்கவும் செய்தது. ரேஞ்சில் 50 மீட்டரில் ஐந்து சுட்டதில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. பட்ட மூன்றில் இரண்டு துளைகள் நீளவாக்கில் கிழிந்திருந்தன. குண்டு நேராகப் போகாமல் பக்கவாட்டில் புரண்டு போன அச்சு அது.

குழலை யாரும் மாற்றவே இல்லை. பழைய 7.92 குழலை அப்படியே விட்டு, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) மட்டும் .30-06 கூட்டின், அதாவது பித்தளை உறையின், நீளத்துக்குக் கடைந்திருக்கிறார்கள். புதுக் குழல் வாங்கும் செலவு மிச்சம். குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் பள்ளங்களும் மேடுகளும்தான் வரிகள். .30-06 குண்டின் விட்டம் 7.82 மி.மீ. பழைய குழலின் வரிப்பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 8.20. மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே சுமார் 7.9. குண்டு வரிகளைப் பிடிக்காது, சுழலாது. வெடிமருந்தின் வாயு அதைச் சுற்றி முன்னால் பீறிட்டு ஓடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மேகசினைக் காலி செய்து, போல்ட்டை முழுவதும் கழற்றி வெளியே வையுங்கள். மருந்தில்லாத டம்மித் தோட்டாவின் மூக்கைக் குழல் வாயில் நுழையுங்கள். சரியான .30 குழலில் மேடுகளின் இடைவெளி 7.62 மட்டுமே, குண்டு முழுப் பருமனுக்கு வரும் இடத்தில் முட்டி நிற்கும், பித்தளைக்கும் வாய்க்கும் நடுவில் செம்பு நிறம் தெரியும். ஏமாற்றுக் குழலில் பித்தளை விளிம்பு வாயில் இடிக்கும்வரை வழுக்கிப் போய்விடும். வாய் தேய்ந்த நல்ல குழலும் சில நேரம் இப்படிக் காட்டும். ஆகவே சந்தேகம் வந்தால், மெத்தென்ற ஈயக் கட்டியைக் குழல் முழுக்கத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு பொய் சொல்லாது. முத்திரை சொல்லும், அதை யாரும் அடித்துக்கொள்ளலாம்.

இந்த ரைஃபிளில் இன்னொரு குறையும் இருந்தது, அதுதான் எங்களுக்கு அதிக பயம் தந்தது. 7.92 தோட்டாவின் முழு நீளம் 82 மி.மீ.; .30-06 கிட்டத்தட்ட 85. மேகசினில் அடங்க வைக்க, தோட்டா ஏறும் சரிவைத் தேய்த்திருக்கிறார்கள். அந்தச் சரிவை ஒட்டிக் குழல் பக்கமாகத்தான் போல்ட்டின் கீழ்க் காது (வெடியைத் தாங்கிப் பூட்டும் முனை) உட்காரும் இருக்கை. சரிவை அளவுக்கு மீறி அரைத்தால் இருக்கைக்குத் தாங்கல் குறையும். ஒவ்வொரு வெடிக்கும் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் அழுந்தி, ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) வளரும். .30-06-க்கு அது 1.940 அங்குலத்துக்கும் 1.950 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர்தான் சலுகை. அதை அளக்கும் உலோகக் கட்டைதான் கேஜ். ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், ‘நோ-கோ’வில் மூடக் கூடாது. கேஜ் வைத்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சுட்ட காலிக் கூடுகளையும் கேளுங்கள். அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள் பளபளவென்று ஒரு வளையம் ஓடினால், பித்தளை இழுபட்டு அறுந்துபோகத் தயாராக இருக்கிறது. கம்பி நுனியை வளைத்து உள்ளே தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகத் தட்டுப்படும். போல்ட்டைத் தூக்கக் கை வலித்தாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். கூடு அறுந்தால் வாயு கண்ணை நோக்கித்தான் வரும். கண்ணாடி இல்லாமல் எந்தப் பழைய ரைஃபிளையும் தொடாதீர்கள்.

98 என்று சொல்லி 93, 95 மாடல்களைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. சேம்பரைச் சுற்றிய வளையத்தைக் கேலிப்பரில் அளங்கள். வழக்கமான 98 என்றால் 35.8 மி.மீ., பழையவை 33. பழையவற்றில் மூன்றாவது பாதுகாப்புக் காதும் கிடையாது. .30-06-ன் அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ. வரை போகும், அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

“சும்மா குவாரியில் ரெண்டு போட்டுப் பார்க்கலாம்” என்று விற்பவர் கூப்பிட்டால் போகாதீர்கள். நம் மாவட்டங்களில் எங்கு திரும்பினாலும் கருங்கல். கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, வானத்தில் போனால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி விழலாம். சோதனை அனுமதியுள்ள ரேஞ்சில் மட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்னொரு தோட்டா போடாமல், லைசென்ஸ் உள்ள டீலரிடம் குழலை அளந்து எழுத்தில் வாங்குங்கள். போர் லைசென்ஸோடு ஒத்துப்போகவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்துக்கு நீங்களே முதலில் எழுதிக் கொடுங்கள். தனியாரிடம் வாங்குபவர்கள் இதையும் பாருங்கள்: விற்பவர் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் ஆன பிறகே கைமாற்ற முடியும். “நாளைக்கே எடுத்துட்டுப் போங்க” என்று சொல்பவரிடம் அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.