தனுஷ்கோடி நடைக்கு எடுத்துட்டுப் போன வாட்டர் ஃபில்டர்

ராமேஸ்வரத்துலேர்ந்து அரிச்சல்முனை வரைக்கும் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், பை மாட்டிக்கிட்டு நடந்தோம், கையில பிழிஞ்சு குடிக்கிற 0.1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு) ஓட்டை உள்ள ஃபில்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தேன். எடை ரொம்ப கம்மி, பாக்டீரியாவ நல்லா நிறுத்தும், அதுல குறை இல்ல. ஆனா இதை நம்பி தண்ணிய கம்மியா எடுத்துட்டுப் போயிராதீங்க, இது உப்ப எடுக்காது, நம்ம கடற்கரையில உப்புதான் முழுப் பிரச்சனையே. வைரஸும் இதுல நிக்காது, அதுக்கு குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைக்கணும்.

தனுஷ்கோடிகிட்ட ஒரு அம்மா மணல்ல ஊத்து தோண்டி கொட்டாங்குச்சியால மோந்துக்கிட்டு இருந்தாங்க, நானும் பக்கத்துல தோண்டப் போனா "ஆழமாத் தோண்டாத தம்பி, உப்பு ஏறிரும்"னாங்க. நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணிக்கு மேல அது மிதக்கும், அதான் விஷயம். அந்தத் தண்ணி அவ்வளவு இனிப்பு! துணியில வடிகட்டாம அப்படியே பிழிஞ்சுட்டேன், பொடி மணல் அடைச்சு சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு, ஃபில்டரோட வந்த சிரிஞ்சால தண்ணிய எதிர்ப்பக்கமா அடிச்சப்புறம்தான் சரியாச்சு.

வெயில்ல மணிக்கு முக்கா லிட்டராவது ஆளுக்கு வேணும், நான் 4 லிட்டர் சுமந்தேன், 4 கிலோதான், தோள் வலிச்சாலும் பரவால்ல. ஃபில்டர் அவசரத்துக்கு மட்டும். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், சிறுமலை மாதிரி ஓடைத்தண்ணி இருக்க பக்கம்னா நாலரை.