வேலூர்க் குகைகள்: வௌவாலுக்கும் இடம், ஆட்களுக்கும் வழி

வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள், ஆர்மாமலையில் 8-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், போளூர் பக்கம் சமணத் தலமான திருமலை. பழைய வட ஆற்காட்டின் இந்த மலைகளுக்கு ஆட்கள் வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் மலைக்குகைகளும் பாறை இடுக்குகளும் வௌவாலுக்கு வீடு. இரண்டுக்கும் பொதுவாக என்ன செய்யலாம்?

ஆந்திரத்துப் போரா குகையைப் போல விளக்குப் போட்டு, படி கட்டித் திறந்துவிடுவது ஒரு வழி. உடனே காசு வரும். போரா சுண்ணாம்புக் குகை, பெரியது. கூட்டம் வந்தால் வௌவால் ஒதுங்கிக்கொள்ளக் கொஞ்சமாவது இடம் இருக்கும். நம்முடையது கருங்கல் மலை. பல இடங்களில் குகை என்பது பாறைக்கு அடியிலுள்ள குடைவுதான்; சில எட்டு வைத்தால் பின்சுவர் வந்துவிடும். அங்கே டார்ச் அடித்தால் முதலில் காதுகள் திரும்பும், அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டுப் பறக்கும். தாயின் மார்பைக் கவ்வியிருக்கும் குட்டி அந்தக் கலவரத்தில் தரையில் விழுந்தால் பிழைப்பது அரிது. பெரும்பாலான வௌவால்கள் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும் என்பதால் அந்த இழப்பு சீக்கிரம் ஈடாகாது. அதனால் இந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம்.

நேர் எதிரான வழி, அடியோடு மூடுவது. எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே அனுமனஹள்ளி குகையில் மட்டுமே வாழும் இலைமூக்கு வௌவால் இனத்தில் மிஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அங்கே மூடுவதுதான் நியாயம். அதையே வள்ளிமலையில் செய்ய முடியுமா? ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் பக்தரை யார் நிறுத்துவது?

நடுவில் இருப்பது கம்பிக் கதவு. வெல்டிங் பட்டறையில் சொன்னால் நெட்டுக்குத்தாகக் கம்பி வைத்தோ, வலை அடித்தோ கொடுத்துவிடுவார்கள். அது வௌவாலை உள்ளேயே அடைத்துவிடும். கம்பி கிடைமட்டமாக இருக்க வேண்டும், இடைவெளி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வேண்டும். அப்படிச் செய்தாலும் சில இனங்கள் கதவை ஏற்காமல் குகையையே விட்டுப் போய்விடும். எந்த இனம் தங்குகிறது, எப்போது குட்டி போடுகிறது என்று வனத்துறை பார்த்துச் சொன்ன பிறகே கம்பியில் கை வைக்கலாம்.

எனக்குப் பிடித்தது நான்காவது வழி. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகை வாசலில் மக்கள் மாலையில் உட்கார்ந்து, வௌவால் கூட்டம் வெளியேறுவதைப் பார்க்கிறார்கள். கேமரா, செல்போன் எதற்கும் அனுமதியில்லை. குகைக்குள் யாரும் போகாமலே காட்சி கிடைத்துவிடுகிறது. அந்த அளவு பெருங்கூட்டம் நம் ஊரில் வராதுதான். ஆனாலும் பொழுது சாய்ந்ததும் பாறை இடுக்கிலிருந்து சரசரவென்று கிளம்புவதைப் பார்த்த பிள்ளை, அதன்மேல் கல்லெறியத் தயங்கும். வயல் பூச்சியை ராத்திரியெல்லாம் தின்பது இதுதான் என்று அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.

ஓவியமும் சிற்பமும் இருக்கும் இடங்களைப் பகலில் காட்டலாம். சிறு குழுவாக, வௌவால் தொங்காத பகுதி வரைக்கும் மட்டும். வழிகாட்டிகள் அந்தந்த மலையடிவார ஊர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். கட்டணத்தில் முதல் பங்கு அவர்கள் சம்பளத்துக்குப் போகட்டும். விளக்குக் கம்பமும் டைல்ஸும் அதற்கு அப்புறம்தான். குகைக்குள் தீ மூட்ட வருகிறவனை அந்த நேரத்தில் தடுக்க அங்கே இருக்கப்போவது அவர்கள்தான்.