சித்தூர்ப் பக்கத்து வாடகைத் தாய் ஆவணச் சேவை: கெட்டியும் ஓட்டையும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகைத் தாய் முறைக்கான சட்டக் காகிதங்களைத் தயார் செய்து தரும் வக்கீல் அலுவலகம் இது. தம்பதிக்காகக் கருவைச் சுமக்கும் பெண்ணைத் தேடித் தர மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். மிகச் சரி. 2021 வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டப்படி மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் அனுமதிக்கும் செலவு தவிர வேறு பணம் கைமாறக் கூடாது. மீறினால் தம்பதிக்கே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தகுதி பார்ப்பதில் கெட்டி. மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55. சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். ஆயுளில் ஒருமுறைதான் சுமக்கலாம். மனைவிக்கு 50 வயது முடிந்திருந்தாலும், 51ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை தகுதி உண்டு என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கோப்பின் முன்பக்கமே வைக்கிறார்கள்.

இவர்களிடம் மிகவும் பாராட்ட வேண்டியது சம்மதப் படிவம். சுமக்கும் பெண்ணுக்குப் புரியும் மொழியில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். பொள்ளாச்சியிலிருந்து வரும் பெண்ணிடம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கையெழுத்து வாங்குவது அநியாயம், பின்னால் வழக்குக்கும் வழி. இங்கே தமிழில் படித்துக் காட்டுகிறார்கள். கருவை வைப்பதற்கு முன் அவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், கருக்கலைப்புக்கு யாரும் வற்புறுத்த முடியாது என்பதையும் விளக்குகிறார்கள்.

கோளாறு மாஜிஸ்திரேட் மனுவில். வாடகைத் தாய் முறை மருத்துவ ரீதியாகத் தேவை என்ற மாவட்ட மருத்துவ வாரியச் சான்று வந்ததும் தம்பதியும் சுமப்பவரும் சேர்ந்து முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, பெற்றோர் யார், குழந்தை யார் வசம் என்ற ஆணையை வாங்க வேண்டும். குழந்தை பிறந்த பின் அந்த ஆணையே பிறப்புக்கான அஃபிடவிட். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் பிறப்புச் சான்றிதழ் வரை தொடரும். நம் பக்கத்துக்காரர்களுக்கு ஆதாரில் இனிஷியல், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தந்தை பெயர் முழுதாக, திருமணப் பதிவில் மலையாள உச்சரிப்பு என்று மூன்று விதமாகப் பெயர் இருக்கும். அலுவலகம் ஆதாரை மட்டும் பார்த்து டைப் செய்கிறது. தாக்கல் செய்யும் முன் வரைவை வாங்கி, மூன்றையும் பக்கத்தில் வைத்து நீங்களே சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரி அஃபிடவிட்டை மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டிலும் கவனம் போதாது. சுமப்பவர் பெயரில் 36 மாத பாலிசி வேண்டும். கர்ப்பச் சிக்கலும் பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கலும் அதில் அடங்க வேண்டும். இவர்கள் கைகாட்டும் சாதாரண மருத்துவ பாலிசிகளில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. காலம் முடியும் முன் பிரசவம் வந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பைசா கிடைக்காது. பாலிசிப் பத்திரத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

பிரசவம் கோயம்புத்தூரில் என்றால் பிறப்புப் பதிவும் அங்கேதான், 21 நாளுக்குள். அலுவலகம் மாஜிஸ்திரேட் ஆணையின் ஒரே ஒரு சான்றிட்ட நகலைத்தான் தருகிறது. குறைந்தது நான்கு கேட்டு வாங்கி, அட்மிஷன் அன்றே ஒன்றை மருத்துவமனை ரெக்கார்டு பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.